ஜாதியில்லாப் பாட்டுக் கோஷ்டி: கையில் கட்டிய கயிறு அறுபடுமா?

திருநெல்வேலிச் சீமையில் சில பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. பையனின் பெயரைக் கேட்க வேண்டாம். ஊரைக் கேட்க வேண்டாம். மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தால் போதும். இன்ன ஜாதி என்று தெரிந்துவிடும்!

இந்தக் கயிற்றை எப்படி அறுப்பது? சட்டம் போட்டு அறுக்கலாம் என்கிறார்கள் சிலர். பாட்டுப் பாடி அறுக்கலாம் என்று சென்னையில் ஒரு கோஷ்டி கிளம்பியது. அந்தக் கோஷ்டியின் கதை, தாமிரபரணிக் கரையில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

19 பேர் மேடை ஏறினார்கள்

2018-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மேடையில் 19 பேர். எல்லோரும் ஒரே மாதிரிக் கோட்டு அணிந்திருந்தார்கள். பறை, சட்டி, கட்டை மோளம் ஆகியவை ஒரு பக்கம். கிதார், டிரம்ஸ் ஆகியவை மறு பக்கம். இரண்டும் சேர்ந்து முழங்கின.

கோஷ்டியின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. ஜாதியற்றவர்களின் கூட்டு என்று அர்த்தம். பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) எடுத்தாண்ட 'ஜாதி பேதமற்ற' என்ற சொல்லில் இருந்து பிறந்த பெயர் இது. சினிமா டைரக்டர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசை அமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள்.

பாடியவர்களில் பலர் கானாப் பாடகர்கள். கானா என்பது வட சென்னையின் சொத்து. சாவு வீட்டில் இரவு முழுவதும் கண் விழித்துப் பாடும் பாட்டு அது. ஏழைகளின் பாட்டு என்று பல காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை மேடைக்குக் கொண்டு வந்து, கிதாருக்குப் பக்கத்தில் சரிசமமாக நிறுத்தினார்கள்.

அவர்கள் பாடிய விஷயங்களும் புதியவை. இட ஒதுக்கீடு ஏன் வேண்டும் என்று ஒரு பாட்டு. மாட்டுக்கறி சாப்பிடுகிறவனை ஏன் ஏளனம் செய்கிறாய் என்று ஒரு பாட்டு. அம்பேத்கரைப் புகழ்ந்து ஒரு பாட்டு.

உலகில் இது புதிதல்ல. ஜமைக்காவில் ஏழைக் கறுப்பர்கள் 'ரெகே' பாடினார்கள். 1970-களில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பு வாலிபர்கள் 'ராப்' பாடத் தொடங்கினார்கள். பட்ட துன்பமே பாட்டாயிற்று.

புகழும் புகைச்சலும்

கோஷ்டியில் இருந்த பெண் பாடகி இசைவாணி. ஆண்களே பாடி வந்த கானாவில் துணிந்து நுழைந்தவர். 2020-ம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம் பெற்றது!

இன்னொருவர் அறிவு. அரக்கோணத்துக்காரர். 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் சேர்ந்து அவர் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு உலகமெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அவர் அதில் பாடினார்.

ஆனால் புகழ் வந்ததும் புகைச்சலும் வந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லை. ரஞ்சித் அதைக் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது அந்தப் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. இந்தப் பாட்டினால் தங்களில் யாருக்கும் ஒரு காசு கூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசை அமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார்.

தோட்டத்தில் உழைத்தவளுக்கும் மிச்சம் இல்லை. அவளைப் பற்றிப் பாடியவருக்கும் மிச்சம் இல்லை!

மாஞ்சோலையின் துயரம்

இந்தக் கதை நெல்லைக்காரர்களுக்குப் புரியாமல் போகுமா? மேற்கே மலை மேல் மாஞ்சோலை இருக்கிறது. 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட காடு அது. 1999 ஜூலை 23-ந் தேதி, கூலி உயர்வு கேட்ட அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் நடந்தது. கலெக்டர் ஆபீஸ் அருகே போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றில் விழுந்தும் அடிபட்டும் 17 பேர் மாண்டார்கள். அதில் ஒன்று பச்சைக் குழந்தை.

2024 ஜூனில் தோட்ட வேலையும் நிறுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள், இனி எங்கே போவது என்று கேட்டார்கள். அவர்களில் எந்தப் பாட்டிக்கும் வள்ளியம்மாளின் கதை தன் கதையாகத்தான் தோன்றும்.

பாட்டால் ஆகுமா?

"ஜாதியை ஒழிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஜாதியைப் பற்றியே பாடலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்து கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது.

2023 ஆகஸ்டு 9-ந் தேதி நாங்குநேரியில் என்ன நடந்தது? பிளஸ் 2 மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இதை அடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசாங்கம் கமிட்டி அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் ஜாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிக்கூடப் பெயர்களில் ஜாதி இருக்கக் கூடாது என்று சிபாரிசு செய்தார்.

சட்டம் கயிற்றை அறுக்கும். அதைக் கட்டும் மனசை மாற்றுமா? அங்கேதான் பாட்டு வருகிறது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பாட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. "நாங்கள்தான் உசத்தி" என்று ஜாதிப் பெருமை பேசும் பாட்டுகளும் இதே செல்போனில்தான் வருகின்றன. சின்னப் பையன்கள் அதைக் கேட்டுத்தான் மீசை முறுக்குகிறார்கள். கயிற்றை அறுக்கும் பாட்டும் உண்டு. கயிற்றை முறுக்கிக் கொடுக்கும் பாட்டும் உண்டு!

நெல்லைச் சீமைக்குப் பாட்டுப் பஞ்சம் கிடையாது. வில்லுப்பாட்டு இருக்கிறது. நையாண்டி மேளம் இருக்கிறது. சுடலைமாடன் கோயில் கொடையில் மகுடம் அடித்துப் பாடும் கணியான் கூத்து இருக்கிறது. கொடை நடக்கும் இரவில் அந்தக் கலைஞன் இல்லாமல் சாமி ஆடாது. பொழுது விடிந்த பிறகு அவனுக்கு என்ன மரியாதை? அவன் பிள்ளைக்கு வகுப்பில் எந்த இடம்? கீழ்ப்பாக்கம் மேடையில் 19 பேர் கேட்ட கேள்வியும் இதுதான்.

வெட்டுப்பட்ட நாங்குநேரி மாணவன் அடுத்த ஆண்டே பரீட்சை எழுதி, நல்ல மார்க் வாங்கித் தேறினான். அவன் செய்ய வேண்டியதை அவன் செய்துவிட்டான்.

மற்றதைச் செய்ய வேண்டியவர்கள் பெரியவர்கள். பிள்ளையின் கையில் கயிறு கட்டுவது வீட்டிலும் தெருவிலும்தான். இன்று இரவு சாப்பிட உட்காரும்போது, பையனின் மணிக்கட்டை ஒரு தடவை பாருங்கள். அவன் செல்போனில் என்ன பாட்டு ஓடுகிறது என்றும் கேளுங்கள்.