செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுந்து போனபின், அவர் கால் வைத்திருந்த இடத்தில் ஈரமாக ஒரு கறை தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டு வலது செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழற்ற வரவில்லை. அடியிலிருந்து ஏறிய ஆணி ஒன்று செருப்பையும் பாதத்தையும் சேர்த்துத் தைத்திருந்தது. "வலிக்கவே இல்லையே சார்" என்றார். எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு விரல்களை எடுத்துத்தான் காலைக் காப்பாற்ற முடிந்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் அவர் நான்கு முறை என்னிடம் வந்திருக்கிறார். நான்கு முறையும் சர்க்கரை அளவைப் பார்த்தேன், மாத்திரை எழுதினேன். பாதத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

பித்தவெடிப்பு, கால் ஆணி, சேற்றுப்புண் எல்லாம் நம் வீடுகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத தொல்லைகள். உணர்வுள்ள காலில் அவை தொல்லைகள்தாம். வலி வந்து நம்மை எச்சரித்துவிடும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் நரம்பு கெட்ட காலில் அவற்றின் பொருளே வேறு. வியர்வையை நடத்தும் நரம்பு கெட்டால் தோல் காய்ந்து குதிகால் பிளக்கிறது. நாம் பித்தத்தின்மேல் பழி போடுகிறோம். தசையை இயக்கும் நரம்பு கெட்டால் விரல்கள் மடங்கி, உடலின் பாரம் முன்பாதத்தில் ஓரிடத்தில் குவிகிறது. அங்கே தோல் தடித்துக் காய்த்துப்போகிறது. அந்தக் காய்ப்பு, செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லைப் போல அடியிலுள்ள சதையை நசுக்கும். காய்ப்பின் நடுவே கறுப்பாகப் புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். இந்தக் காய்ப்பைத்தான் பலர் சவர பிளேடால் சீவுகிறார்கள். மருந்துக் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுகிறவர்களும் உண்டு. அதிலுள்ள அமிலம் ஆணியோடு நிற்காமல் நல்ல தோலையும் அரித்துவிடும். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்குக் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

வலியின்மைதான் ஆபத்து என்று உலகுக்குச் சொன்ன ஊர்களில் வேலூரும் ஒன்று. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது, தொழுநோயில் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்பதே பொதுவான நம்பிக்கை. ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று தேடிப்போன அவர் கண்டது வேறு. உணர்வற்ற கை சூடான பாத்திரத்தை விடாமல் பிடித்திருந்தது. தூங்கும்போது எலி விரலைக் கடித்தும் ஆள் விழிக்கவில்லை. 1966-க்குப் பிறகு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் இருந்தபோது, இந்த அறிவை நீரிழிவுப் பாதங்களுக்கும் கொண்டுசென்றார். மெத்தென்ற உட்புறமும் ஆணி ஏறாத அடிப்பகுதியும் பின்வாரும் கொண்ட எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வேலூர், கரிகிரி வட்டாரத்தின் தொழுநோய்ப் பணியில் உருவானது. இன்று அதை நீரிழிவு நோயாளிக்கு எழுதிக்கொடுத்தால், "ஊர்ல என்ன நினைப்பாங்க" என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்வைக்குச் சாதாரணச் செருப்பாகவே அதைச் செய்துதர முடியும். அதற்கு முனைவது எங்கள் பொறுப்பு.

மூட்டு விஷயத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருக்கிறது. வலி மிகக் குறைவு. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவுவார்கள். யூரிக் அமிலம் என்றோ சீழ்க்கிருமி என்றோ நாங்களும் தவறாக எண்ணுவதுண்டு. தொடக்கத்தில் எக்ஸ்ரேகூட ஒன்றும் காட்டாமல் போகலாம். அது நரம்பு கெட்ட காலில் எலும்பும் மூட்டும் சிதையும் சார்கோ பாதமாக இருந்தால், அவர் நடக்கும் ஒவ்வொரு நாளும் உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். மாவுக்கட்டுப் போட்டு, பாரம் தராமல், மாதக்கணக்கில் ஓய்வு தர வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவரிடம் இதைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிடுகிறது.

ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு ஒவ்வொரு பாதத்தையும் பார்க்க நேரம் ஏது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. மருத்துவர்களை மட்டும் நம்பினால் இது நடக்காது. நோயாளியும் தன் பாதத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரிடம் வெறுங்காலோடு போகாதீர்கள் என்று சொல்வதும் எளிதல்ல; வேண்டுதலுக்கு முன் என் அறிவுரை எம்மாத்திரம்? ஆனாலும் உணர்வு போய்விட்ட காலுக்கு உச்சிவெயில் தார்ச்சாலையும் கோயில் கருங்கல் தரையும் நெருப்பேதான் என்பதை மறைக்க மாட்டேன். வீட்டுக்குள்ளும் தனியாக ஒரு செருப்பு வேண்டும் என்கிறேன். பூஜை அறைக்கும் சமையலறைக்கும் அதைப் போட்டுக்கொண்டு போகத் தயங்குகிறவர்களிடம், அங்கே தரையைப் பார்த்து நடங்கள் என்பதற்குமேல் வற்புறுத்துவதில்லை.

உணர்வு இருக்கிறதா என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ள, இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த ஒரு வழி உண்டு. சர்க்கரை நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆட்காட்டி விரலால் ஓரிரு வினாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டையோ அதற்கு மேலோ உணராவிட்டால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் போய்விட வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்திருப்பதை இந்தச் சோதனை காட்டாது. புகைபிடிப்பவர்கள் இதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. செலவே இல்லாத இந்தச் சோதனையை, 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ஊழியர்கள் எல்லா ஊரிலும் தவறாமல் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

இப்போது என் அறை வாசலில் தாழ்வான பெஞ்சு ஒன்று கிடக்கிறது. சர்க்கரை நோயாளிகள் அங்கேயே செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். செவிலியர் உள்ளங்காலைப் பார்த்துவிட்டு, செருப்பின் உட்புறத்தையும் கையால் தடவிப் பார்க்கிறார். சென்ற வாரம் ஓர் அம்மாவின் செருப்பில் ஒரு சீமைக்கருவேல முள் இருந்தது. அது பாதி உடைந்திருந்தது. மீதி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தோம்.

- கட்டுரையாளர், நீரிழிவு மருத்துவர்