ஹனிபாவை எங்கள் பிடரிக்குப் பின்னால் நிறுத்தியவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டும் வாசியுங்கள். அதில் ஒரு வேலை இருக்கிறது.

கலாசாலையில் எங்களோடு படித்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒருவர் நாகூர் ஹனிபாவின் பாட்டொன்றைப் போட்டார். மேலே ‘டொல்பி அட்மொஸ் 5.1, ஹெட்போன் கட்டாயம்’ என்று இருந்தது. பத்து நிமிடத்துக்குள் இருபது கைதட்டல், நாலைந்து மாஷா அல்லாஹ். கிளிவெட்டியில் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் மூன்று பேரும் இடைவேளையில் ஹெட்போனை மாறி மாறி மாட்டிக் கேட்டோம். தஃப் இடது காதுக்குள் குதிக்கிறது. கோரஸ் தலையைச் சுற்றி ஓடுகிறது. ஹனிபாவோ எங்கள் பிடரிக்குப் பின்னால், வெறும் தண்ணீர்த் தாங்கிக்குள் இறங்கி நின்று பாடுவதுபோலக் கேட்கிறது. ஒலிபெருக்கியே தேவையில்லாத குரல் என்று பேரெடுத்த மனுசன் அவர்!

ஃபைலைத் திறந்து பார்த்தோம். இரண்டே இரண்டு தடம். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு வூஃபருக்கும் தனித்தனித் தடம் இருக்க வேண்டும். அட்மொஸ் என்றால் தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை. இந்த ஃபைலில் இரண்டும் இல்லை. இருந்ததெல்லாம் எக்கோவும், இடமும் வலமும் ஆட்டிவிட்ட ஆட்டமும்தான்.

இதைக் குழுவில் எழுதினோம். “பழசுக்கு அழுகிற கூட்டம்” என்று பதில் வந்தது.

பழசுக்கு அழுகிறவர்களா நாங்கள்? விடுதியில் மின்விசிறிச் சத்தத்தை மீறி ஓபெத் கேட்டவர்கள் நாங்கள். சுவீடன் நாட்டு மெட்டல் குழு அது. அந்த உறுமலைக் கேட்டு வார்டன் இரண்டு தரம் கதவைத் தட்டினார், மூன்றாம் தரம் ஓதிப் பார்க்க ஆள் கூட்டி வரட்டுமா என்று கேட்டார். சரவுண்ட் சவுண்டுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. திருகோணமலையில் ஒரு நண்பர் வீட்டு ஹோம் தியேட்டரில் ஓபெத்தின் ‘டாம்னேஷன்’ இசைத்தொகுப்பின் 5.1 கலவையைக் கேட்ட இரவு எங்கள் மூவருக்கும் மறக்காது. கிட்டார் முன்னால், மெலோட்ரோன் பின்னால், நடுவில் இருந்த வெறுமைகூடக் கேட்டது. பாட்டு அறையைவிடப் பெரிதாக இருந்தது.

அது எப்படிச் சாத்தியமானது? அந்தக் குழு ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிந்து வைத்திருந்தது. 2003இல் வந்த ‘டாம்னேஷன்’ தொகுப்பை 2015இல் ஸ்டீவன் வில்சன் அந்தத் தடங்களிலிருந்து மறுபடி கலந்தார். அதன் இரட்டைத் தொகுப்பான ‘டெலிவரன்ஸ்’ 2002இல் வந்தது, அதைக் கலந்தவர் புரூஸ் சூர்ட். யார் கலந்தது, எந்த ஆண்டுக் கலவை என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. இந்த வகை இசைக்கெல்லாம் பாட்டன் முறையான கிங் கிரிம்சன் குழுவின் முதல் தொகுப்பு 1969இல் வந்தது. 2009இல் வில்சனும் ரொபர்ட் ஃபிரிப்பும் அதை 5.1 ஆக்கியபோது பழைய கலவையையும் அதே வெளியீட்டில் சேர்த்தே வைத்தார்கள். புதியது பிடிக்காதவன் பழையதைக் கேட்கலாம். ஒன்றை மறைத்து மற்றதை விற்கவில்லை.

எங்கள் பக்கம் என்ன நடக்கிறது?

தமிழ்ப் படப் பாட்டில் ஸ்டீரியோ என்று பேச்சு அடிபட்டதே 1978இல், இளையராஜா இசையமைத்த ‘ப்ரியா’வோடுதான். அதற்கு முந்திய பாட்டுகள் ஒரே தடத்தில் பதிவானவை. பாடகர், வயலின்காரர், தபேலாக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்க, ரெக்கோர்டிங் இன்ஜினியர் அந்த இடத்திலேயே கலந்துவிடுவார். ஹனிபாவின் இசைத்தட்டுகளும் அந்தக் காலத்துச் சாமான்தான். கலந்த தேநீரிலிருந்து சீனியைத் திருப்பி எடுக்க முடியாது.

இப்போது எடுக்க முடிகிறதே என்பார்கள். உண்மை, ஓரளவுக்கு முடிகிறது. 2019இல் டீசர் நிறுவனம் குரலையும் வாத்தியங்களையும் பிரிக்கும் மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டது. பீட்டில்ஸின் 1966ஆம் ஆண்டு ‘ரிவோல்வர்’ தொகுப்பை 2022இல் ஜைல்ஸ் மார்ட்டின் அப்படியான ஒரு தொழில்நுட்பத்தால் பிரித்துத்தான் புதிதாகக் கலந்தார். ஆனால் அவர் கையில் மூல நாடா இருந்தது. பெரிய பெட்டியில் பழைய மோனோ கலவையும் இருந்தது. எங்கள் ஆட்கள் கையில் இருப்பது யூடியூபிலிருந்து இறக்கிய, யாரோ கசட்டிலிருந்து ஏற்றிய, ஏற்கனவே நசுங்கிய எம்பி3. அதைப் பிரித்தால் குரலோடு வயலினின் பாதி ஒட்டிக்கொண்டு வரும், மீதி வயலின் தண்ணீருக்குள் போய்விடும். பிறகு அந்தக் காயத்தை மறைக்க எக்கோ.

பெரிய கைகளும் இதில் உண்டு. 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012 மார்ச்சில் டி.டி.எஸ். ஒலியோடு மறுபடி திரைக்கு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி’ படம் முப்பரிமாணத்தில் அட்மொஸோடு வந்தது. ‘சிவாஜி’யைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. 2007இல் தனித்தடங்களில் செய்த படம், அதை எப்படி வேண்டுமென்றாலும் பரப்பலாம். ‘கர்ணனை’ புதுத் தலைமுறை தியேட்டரில் பார்த்ததும் நல்லதே. ஆனால் விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் 1964இல் கலந்து தந்த ஒலியை, கை வைக்காமல், சுத்தம் மட்டும் செய்து, பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டாமா? அதைக் கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லையா?

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் சண்டை என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறோம்.

எங்களில் ஒருவர் மூதூரிலிருந்து வந்துபோகிறவர். மீலாத் போட்டிக்காக ஒரு பையனுக்கு ஹனிபா பாட்டுப் பழக்கினார். குரல் நல்ல குரல். ஆனால் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் அவன் மூன்று தரம், வரவர மெல்லிசாகச் சொன்னான். ஏன் என்று கேட்டால், “சேர், பாட்டில அப்பிடித்தானே இருக்கு” என்றான். அவன் ஃபோனில் கேட்டுப் பழகியது எக்கோ போட்ட கலவை. அந்த எக்கோவையும் சேர்த்துப் பாடமாக்கியிருக்கிறான்! எங்களிடமிருந்த பழைய பதிவைப் போட்டுக் காட்டினோம். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “இது பழுதாப் போன கொப்பியா சேர்?” என்றான்.

சிரிக்கத்தான் செய்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. பிள்ளையில் பிழையில்லை. தேடினால் முதலில் வருவது அதுதான், அதன் மேலே ‘ஒரிஜினல்’ என்றும் எழுதியிருக்கிறது. ஹனிபா 2015 ஏப்ரலில் மௌத்தானார். அவரிடம் போய்க் கேட்க வழியில்லை. பதிவுதான் சாட்சி. சாட்சியைத் திருத்தி எழுதிவிட்டு அதற்கு அட்மொஸ் என்று பேர் வைத்தால், அடுத்த தலைமுறை யாரிடம் போய்க் கேட்கும்?

எங்கள் பிரதேசத்துக்கு இது இன்னும் கூடுதலாகச் சுடும். 2006 ஆகஸ்டில் மூதூர்ச் சனம் உடுத்த உடுப்போடு கந்தளாய்ப் பக்கம் போனது. சம்பூர்ச் சனம் வருடக்கணக்காகக் கிளிவெட்டி முகாமில் கிடந்தது. யாரும் கசட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. நோன்பு காலத்தில் முஸ்லிம் சேவையிலிருந்து வாப்பாமார் பதிந்து வைத்த பாட்டுகள், கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம், கலியாண வீட்டுப் பாட்டு எல்லாம் அப்படியே போய்விட்டன. தப்பிய கொஞ்சத்தையாவது பிறந்த மேனியோடு விட்டுவையுங்கள் என்கிறோம்.

கலக்காதே என்று யாரையும் தடுக்கவில்லை. கலந்தால் உங்கள் பேரைப் போடுங்கள். எந்தப் பிரதியிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மூலத்தின் தொடுப்பைக் கீழே கொடுங்கள். ஒரிஜினல் என்ற சொல்லை எடுங்கள். பிரித்து ஒட்டியதை 5.1 என்று சொல்லாதீர்கள். இதில் எதற்கும் காசு செலவில்லை. கம்பனிகளுக்கும் இதையே சொல்கிறோம், அவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: வாசித்தவர்களின் பேர்ப் பட்டியல் உங்கள் கோப்பில் இருந்தால் அதையும் வெளியிடுங்கள். அந்த வயலின்காரர்களுக்கும் பேர் இருந்தது.

இனி அந்த வேலை. எங்களிடம் ஹெட் சுத்தம் செய்து பெல்ட் மாற்றிய ஒரு கசட் டெக் இருக்கிறது, மடிக்கணினியும் இருக்கிறது. மூதூர், தோப்பூர், கிளிவெட்டி, சேருநுவர, கிண்ணியா எங்கிருந்தாலும், வீட்டில் பழைய கசட் கிடந்தால் எறியாதீர்கள். பூஞ்சணம் பிடித்ததையும் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குப் பிறகு டெக்கோடு இருப்போம், இன்பொக்ஸில் கேட்டால் இடம் சொல்வோம். எக்கோ போடாமல், இரைச்சல்கூடக் குறைக்காமல், அப்படியே பதிந்து பென்ட்ரைவில் தருவோம். கசட்டையும் கையோடு கொண்டு போகலாம். வெயிலில் வைத்துக்கொண்டு வர வேண்டாம்.