முன்பள்ளி வாசலில் ஒரு நிபந்தனை

கடந்த ஆண்டின் இறுதியில் எனது மகள் கொழும்பிலுள்ள முன்பள்ளியொன்றின் அனுமதிப் படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பெயர், பிறந்த திகதி, தடுப்பூசி விபரம் என வழமையான கேள்விகள். கடைசிப் பக்கத்தில் மாத்திரம் தடித்த எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மலசலகூடப் பழக்கம் பழகாத பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்களாம். தை மாதத்தில் வகுப்புத் தொடங்கும்போது பேத்திக்கு இரண்டரை வயது. எங்கள் கையில் இருந்ததோ ஐந்து வாரங்கள்.

"அஞ்சு கிழமை காணும்தானே அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"காணும் பிள்ளை" என்றேன். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் ஊருக்குப் புத்தி சொல்லிப் பழகிய வாய் அப்படித்தான் சொல்லும்.

அரசியலும் போரும் எழுதிய ஒருவர் இப்போது குழந்தையின் மலசலத்தைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அந்த ஐந்து வாரங்களில் எங்கள் வீட்டில் நடந்தது, படித்த குடும்பங்கள் பலவற்றில் கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதுதான் என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்தேன். ஆகவே எழுதுகின்றேன்.

முதல் நாளே பம்பர்ஸ் கழற்றப்பட்டது. எந்தக் கம்பனியின் தயாரிப்பாயினும் நம்மவர்களுக்கு அது பம்பர்ஸ்தான். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பிள்ளையைத் தூக்கிப் பெரியவர்களின் கொமட்டில் இருத்தினோம். கால்கள் அந்தரத்தில் தொங்க, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவள் எங்கள் கைகளை இறுகப் பற்றிக்கொண்டிருந்தாள். கனடாவிலிருந்து சம்பந்தியம்மா காணொளி அழைப்பில் வரும்போதெல்லாம் "இன்னும் பழகேல்லையோ?" என்று கேட்டார். நான்காம் நாளிலிருந்து பிள்ளை மலங்கழிப்பதை நிறுத்திக்கொண்டாள். கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க, கதிரையைப் பிடித்தபடி நிற்பாள். முக்குகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் அவள் அடக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து நாட்கள் கழிந்த பின்னரே வைத்தியரிடம் ஓடினோம்.

பிள்ளைக்கு நோய் எதுவும் இல்லையென்றும், அவசரப்பட்டவர்கள் நாங்களே என்றும் வைத்தியர் அமைதியாகச் சொன்னார். அடக்கும்போது மலம் இறுகுகிறது. இறுகிய மலம் வெளியேறும்போது வலிக்கிறது. வலிக்குப் பயந்து பிள்ளை மேலும் அடக்குகிறது. இந்தச் சுற்றில் அகப்பட்ட பிள்ளையை மீட்கச் சில வேளைகளில் மாதக்கணக்கில் மருந்து கொடுக்க நேரிடும். மலத்தை இளக்கும் மருந்தொன்றை எழுதித் தந்து, பம்பர்ஸை மீண்டும் அணிவிக்கச் சொன்னார். "பிள்ளை தயாரானதும் உங்களுக்குக் காட்டும். அதுவரை பொறுங்கோ" என்றார்.

பிள்ளை எப்படிக் காட்டும்? வைத்தியர் சொன்னவற்றையும் பின்னர் வாசித்து அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகின்றேன். ஒன்றரை அல்லது இரண்டு மணித்தியாலமாவது பம்பர்ஸ் நனையாமல் இருப்பதும், பகல் தூக்கத்திலிருந்து உலர்ந்தபடி எழும்புவதும் சிறுநீர்ப்பை நிரம்பும்வரை பொறுத்திருக்கப் பழகிவிட்டதன் அறிகுறிகள். மலம் கழிக்கும் வேளையில் கதவின் பின்னாலோ திரைச்சீலையின் மறைவிலோ போய் ஒளிந்து நிற்பது, உடம்புக்குள் நிகழவிருப்பதைப் பிள்ளை முன்கூட்டியே உணர்கிறது என்பதற்கு அடையாளம். ஈரமானதும் அருவருத்து மாற்றச் சொல்வது, பெரியவர்கள் மலசலகூடம் போகையில் பின்னாலேயே வந்து எட்டிப் பார்ப்பது, காற்சட்டையைத் தானே இழுத்து இறக்கவும் ஏற்றவும் முயல்வது, "அந்தப் பந்தை எடுத்து வா" என்பது போன்ற சிறு சொல்லைக் கேட்டு நடப்பது, தன் தேவையை ஒரு சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பது ஆகியனவும் அவ்வாறானவையே. எல்லாம் ஒருசேரத் தோன்ற வேண்டுமென்பதில்லை. சில தோன்றினாலே தொடங்கிப் பார்க்கலாம்.

பதினெட்டு மாதத்துக்கும் இரண்டரை வயதுக்கும் இடையில் பெரும்பாலான பிள்ளைகளிடம் இவை தலைகாட்டும். சிலருக்கு மூன்று வயதும் ஆகலாம். இரவில் நனையாமலிருப்பது வேறு கதை. உறக்கத்தில் சிறுநீரை அடக்குவது உடல் முதிர்ச்சியைப் பொறுத்தது. பயிற்சியால் அதைத் துரிதப்படுத்த முடியாது. ஐந்து வயது வரை பாயை நனைப்பதை வைத்தியர்கள் நோயாகக் கொள்வதில்லை.

இந்த விடயத்தில் அறிவுரைகள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. 1930களில் அமெரிக்கக் கைந்நூல்கள், பிறந்து சில மாதங்களுக்குள்ளேயே மணிக்கூட்டைப் பார்த்துப் பிள்ளையை இருத்திப் பழக்கும்படி தாய்மாருக்குக் கட்டளையிட்டன. 1962இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியரான பெரி பிரேசல்டன், தாம் அவதானித்த 1,170 பிள்ளைகளின் விபரங்களை வெளியிட்டு, பிள்ளையின் ஆயத்தத்தைப் பார்த்தே தொடங்க வேண்டுமென்றார். அப்பிள்ளைகள் பகல்நேரப் பழக்கத்தை முடித்த சராசரி வயது 28.5 மாதங்கள். பின்னாளில் அவர் பம்பர்ஸ் விளம்பரத்தில் தோன்றி விமர்சனத்துக்கு உள்ளானதையும் பத்திரிகைக்காரன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 1962இல் அவர் கண்டது அதனால் பொய்யாகிவிடாது. 2003இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வும், 27 மாதங்களுக்கு முன்னர் தீவிரமாகப் பழக்கத் தொடங்குவதால் பிள்ளை முன்னதாகவே பழகிவிடுவதில்லை என்றுதான் கண்டது. பாடுபட்ட காலம் மாத்திரமே நீள்கிறது.

இதைச் சொன்னபோது என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கட அம்மா எங்களை ஒரு வயதுக்குள்ள பழக்கினவ" என்றார். அதுவும் பொய்யில்லை. எங்கள் பாட்டிமார் இரண்டு கால்களையும் நீட்டி அமர்ந்து, குழந்தையைப் பாதங்களின் மேல் இருத்தி, "உஸ்ஸ்" என்று ஒலியெழுப்பிச் சிறுநீர் கழிக்கச் செய்ததை நானும் கண்டிருக்கின்றேன். கென்யாவின் கரையோரத்தில் வாழும் டிகோ மக்களிடையே ஐந்தாறு மாதக் குழந்தைகளே பழகிவிடுவதை 1977இல் வெளியான ஆய்வுக் கட்டுரையொன்று விபரித்திருக்கிறது.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? பாட்டியின் முறையில் ஆயத்தமாக இருந்தவர் பாட்டி. குழந்தை நெளிவதையும் முகம் மாறுவதையும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் இருந்தார். மண் முற்றம் இருந்தது, கோவணமோ பழந்துணியோ போதுமானதாக இருந்தது, நனைந்தால் எவரும் பதறவில்லை. இன்று தாயும் தகப்பனும் வேலைக்குப் போகின்றார்கள். வீடு மூன்றாம் மாடியில், தரையெல்லாம் மாபிள். பம்பர்ஸ் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் பிள்ளைக்கும் ஈரம் தெரிவதில்லை, பார்ப்பவருக்கும் தெரிவதில்லை. பாட்டியின் கண்களை இழந்துவிட்டு, பாட்டியின் காலக்கெடுவை மட்டும் பிள்ளையின்மேல் சுமத்துவது எந்த வகையில் நியாயம்?

பழகிய பிள்ளையும் பின்வாங்கக்கூடும் என்பதை நான் அறிந்துகொண்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் ஒதுங்கினோம். ஒரு வகுப்பறையில் நான்கு குடும்பங்கள். வெளியே மழை. மலசலகூடத்துக்கு நீண்ட வரிசை. அக்காவின் மகனுக்கு அப்போது மூன்று வயது. ஒரு வருடத்துக்கு முன்பே எல்லாம் பழகியிருந்த அந்தப் பிள்ளை, அங்கே இரவும் பகலும் நனைக்கத் தொடங்கினான். மாற்ற உடுப்பில்லை, காயவைக்க வெயிலுமில்லை. ஒருநாள் பொறுமையிழந்து, எல்லோருக்கும் முன்னால் அவனை ஏசிவிட்டேன். அவன் அழவில்லை. மேசைகளை அடுக்கியிருந்த மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றான். "ஊரே நிலைகுலைஞ்சு போய்க் கிடக்குது, இவனை ஏன் ஏசுறாய்?" என்று அக்கா கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

வீடு மாறுவது, தம்பியோ தங்கையோ பிறப்பது, தாய் வெளிநாடு போவது, காய்ச்சலில் கிடந்து எழும்புவது போன்ற சாதாரண காரணங்களுக்கும் பிள்ளை பின்வாங்கும். அத்தகைய காலங்களில் பழக்கத் தொடங்கவும் கூடாது. மருமகன் இன்று தானே ஒரு தகப்பன். அவனுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. எனக்கு இருக்கிறது.

முன்பள்ளிகளின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. சொற்ப சம்பளத்துக்கு இருபது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியை, உதவிக்கு ஆளில்லாமல் ஒரு பிள்ளையைக் கழுவப் போனால் மீதிப் பத்தொன்பது பேரின் கதி என்ன? ஆனால் இதற்குத் தீர்வு, ஓர் உதவியாளரை நியமிப்பதும், பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற மலசலகூடம் அமைப்பதும், மாற்று உடுப்பொன்றைக் கேட்டு வாங்குவதுமே. கதவை மூடுவது தீர்வல்ல. வளர்ச்சி தாமதித்த பிள்ளைகளும் விசேட தேவையுள்ள பிள்ளைகளும் மூன்று, நான்கு வயதிலும் இதைப் பழகியிருக்க மாட்டார்கள். முன்பள்ளி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்கே. அந்த ஒற்றை வரி முதலில் வெளியே நிறுத்துவதும் அவர்களைத்தான். பழகாத பிள்ளையைப் பழகியதாகச் சொல்லிச் சேர்த்துவிட்டு, தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் நடுங்கும் தாய்மார் இருக்கின்றார்கள். அச்சத்துடன் தாய் கொண்டுவந்து விடும் பிள்ளை அந்த வகுப்பில் எதைக் கற்றுக்கொள்ளும்?

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகின்றேன். தை மாதம் பேத்தி எங்கும் சேரவில்லை. கால்கள் தரையில் ஊன்றும்படியான சிறிய பிளாஸ்ரிக் இருக்கையொன்றை வாங்கிக் குளியலறையில் வைத்தோம். அதில் இருக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. பல நாட்கள் அவளது பொம்மைதான் அதில் இருந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டொரு நாட்கள் முன்னதாக, சமையலறையில் நின்ற என் மனைவியின் சேலையைப் பிடித்திழுத்து, "அம்மம்மா, கக்கா வருது" என்றாள். வந்த பின்னர் சொல்பவள், வருமுன் சொன்னது அன்றுதான் முதற்தடவை. இரண்டு வாரங்களில் பகலில் பம்பர்ஸ் தேவைப்படவில்லை. இரவில் இன்னும் போடுகின்றோம்.

வைகாசியில் வேறொரு முன்பள்ளிக்குப் போனோம். அங்கும் படிவம் தந்தார்கள். நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். "பையில் ஒரு மேலதிக உடுப்பு வைத்து அனுப்பவும்" என்று மட்டுமே எழுதியிருந்தது. ஏனைய முன்பள்ளிகளும் தமது நிபந்தனையை நீக்கிவிட்டு இந்த ஒரு வரியை எழுதிக்கொண்டால் போதும்.