கைமாறிய காமிரா

போன வருஷம் ஒரு நாள் லால்பேட்டைக்குப் போயிருந்தேன். வீராணம் ஏரிக்கரையில் இருக்கிற ஊர். ‘பொன்னியின் செல்வன்’ ஆரம்பத்தில், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிறானே, அதே ஏரிதான். ஆனால் நான் போனது சரித்திர ஆராய்ச்சிக்கு அல்ல; என் பழைய தோழியின் வீட்டில் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வர!

சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டைக் கையில் எடுப்பதற்குள் தோழியின் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமி, ஒரு காமிரா வாங்கணும். புதுசு வாங்கக் காசு இல்லே. பழசு வாங்கினா ஏமாந்துடுவோமோன்னு பயமா இருக்கு.”

“காமிரா எதுக்கம்மா? கையிலேதான் போன் இருக்கே!” என்றேன்.

அவள் சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் தனி. அங்கே ஆண் போட்டோக்காரர் வருவதை யாரும் விரும்புவதில்லை. மணப்பெண்ணின் படமெல்லாம் யாராவது ஒரு சிறுமி போனில் எடுத்த மங்கல் படமாகவே நின்றுவிடுகிறது. “நானே எடுத்தா நாலு காசும் வரும், எல்லாருக்கும் திருப்தியாவும் இருக்கும்” என்றாள். அவளிடம் இருந்தது 20,000 ரூபாய். அம்மா தையல் மிஷினை மிதித்து மூன்று வருஷமாகச் சேர்த்த பணம். தவறிப்போனால் மறுபடியும் மூன்று வருஷம்!

சகோதரிகளே, குழந்தை தவழ்வதையும் கொலு வைத்ததையும் படமெடுக்கத்தான் காமிரா என்றால் உங்கள் போனே போதும், பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் இந்தப் பெண்ணைப் போல் தொழிலாகவோ, ஆசையோடு கற்றுக்கொள்ளவோ நினைப்பவர்களுக்குப் பழைய காமிரா ஒரு நல்ல வழி. அவளோடு அலைந்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பாதி, முப்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்த என் தம்பி சொல்லிக் கொடுத்தது. மீதி பட்டுத் தெரிந்துகொண்டது.

முதல் அனுபவம் போனிலேயே நடந்தது. விளம்பரம் ஒன்றில் நல்ல காமிரா, பாதி விலைக்கும் குறைவு. விற்பவர் தம்மை ராணுவத்தில் இருப்பவர் என்று சொல்லிக்கொண்டார். மாற்றலாகிப் போகிறாராம், நேரில் காட்ட முடியாதாம், 2,000 ரூபாய் அனுப்பினால் பார்சலில் வந்துவிடுமாம். பெண் பணம் அனுப்பவே போய்விட்டாள். தோழிதான், “பார்க்காத மாட்டுக்கு யாராவது முன்பணம் கொடுப்பாங்களா?” என்று தடுத்தாள். ராணுவத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றும் இந்த வித்தை நாடெங்கும் நடக்கிறது. வேறொரு வித்தையும் உண்டு. “இந்தப் படத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், உங்களுக்குப் பணம் வரும்” என்பார்கள். பணம் வருவதற்கு ரகசிய எண் வேண்டியதே இல்லை. எண்ணைப் போட்டால் பணம் போகும், வராது.

இரண்டாவது அனுபவம் ஒரு கடையில். கடைக்காரர் எடுத்த எடுப்பில், “24 மெகாபிக்ஸல், அம்மா!” என்றார், இருபத்துநாலு காரட் தங்கம் என்பதைப் போல. இந்த எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். 1975-ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் ஸாஸன் என்ற இளைஞர் செய்த முதல் டிஜிட்டல் காமிராவுக்கு 10,000 புள்ளிகள்தான். ஒரு மெகாபிக்ஸலில் நூறில் ஒரு பங்கு! அப்போது எண் பெரிய விஷயம்தான். இன்றோ 18 மெகாபிக்ஸல் இருந்தாலே 12-க்கு 18 அங்குலக் கல்யாண ஆல்பத்தின் பக்கம் முழுவதும் தெளிவாக அச்சாகிவிடும். அதற்கு மேல் பார்க்கவேண்டியது லென்ஸை.

என் தம்பி சொல்லியிருந்தபடி லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் விளக்கை அடித்து, முன்பக்கம் பார்த்தோம். கண்ணாடிக்குள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக ஓடியிருந்தது. அதுதான் பூஞ்சணம். ஊறுகாயில் பூப்பது போலத்தான். ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் பையிலேயே கிடந்தால் லென்ஸிலும் பூக்கும். நம் கடலூர், சிதம்பரம் பக்கத்தில் கடற்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் இருக்கையில் கேட்கவே வேண்டாம். துடைத்தால் போகாது, உள்ளே இருக்கிறது. 24 மெகாபிக்ஸலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினோம்.

மூன்றாவது இடம் சிதம்பரத்தில் ஒரு வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், 2016-ல் வெளிவந்த கேனான் 1300 டி காமிராவை விற்க இருந்தார். 18 மெகாபிக்ஸல். பெட்டி, பில், வார் எல்லாம் இருந்தன. பில்லில் உள்ள வரிசை எண்ணும் காமிராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்தோம். திருட்டுச் சரக்கு வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதல்லவா?

பிறகு பரீட்சை ஆரம்பமாயிற்று. நீங்களும் இதே வரிசையில் செய்யலாம்.

விளக்கடித்து லென்ஸைப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. லென்ஸைத் திருகும்போது மணல் நெறநெறக்கும் ஓசை கேட்கிறதா என்று கவனித்தோம். எஃப் எண்ணை 16-க்கு வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தோம். உள்ளே தூசி இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஓரத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. அது குற்றமில்லை, சுத்தம் செய்துவிடலாம். பிறகு மூடியைப் போட்டுக்கொண்டே, சில விநாடி ஷட்டர் திறந்திருக்கும்படி வைத்து ஒரு படம் எடுத்தோம். கறுப்பில் சிவப்பும் நீலமுமாகப் பல புள்ளிகள் மின்னினால் அந்தக் காமிராவுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது உழைப்பின் கணக்கு. இந்தமாதிரி ஆரம்பக் காமிராக்களில் ஷட்டர் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடும் என்று எண்ணிக்கொள்ளலாம். ஒரே கல்யாணத்தில் ஆயிரம், இரண்டாயிரம் படங்கள் எடுக்கிறார்களே, தொழில்காரர் கைக்குப் போய்வந்த காமிரா எவ்வளவு தேய்ந்திருக்கும்! நிக்கான் காமிராவாக இருந்தால் எடுத்த படத்துக்குள்ளேயே இந்தக் கணக்குப் பதிந்திருக்கும், கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். கேனானில் பெரும்பாலும் அது அவ்வளவு சுலபமல்ல. அங்கே ரப்பர்ப் பிடி தளர்ந்திருக்கிறதா, பொத்தான் மழுங்கியிருக்கிறதா, திருகாணிகளில் கீறல் இருக்கிறதா என்று கண்ணால்தான் படிக்கவேண்டும். தேய்ந்த அம்மிக்குச் சீட்டு எழுதியா ஒட்டியிருக்கிறது?

கடைசியாக, நாங்களே கொண்டுபோன மெமரி கார்டைப் போட்டு, கூடத்திலும் வாசலிலுமாக ஐம்பது படம் எடுத்தோம். பாட்டரி வீங்கியிருக்கவில்லை, சார்ஜும் நின்றது.

லென்ஸோடு 13,500 ரூபாய்க்கு முடிந்தது. மீதிப் பணத்தை என்ன செய்தாள் தெரியுமா? பலர் தவறுகிற இடம் இதுதான். கையிலிருப்பதையெல்லாம் காமிராவிலேயே போட்டுவிட்டால் அது மண்டபத்தில் முழிக்கும். கூட வந்த 18-55 லென்ஸ் பகலுக்குச் சரி. ராத்திரி மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் அதன் கண் திறப்புப் போதாது. அதனால் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றையும் பழையதாகவே தேடி வாங்கினாள். அந்த லென்ஸ், பழையதை 55-ல் நீட்டிப் பிடிக்கும்போது வருவதைப்போல் சுமார் 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மணப்பெண் முகத்துக்கு அதுதானே வேண்டும்? பிறகு இன்னொரு பாட்டரி, இரண்டு கார்டு. மிஞ்சியதில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும். ஏரிக்கரை ஊருக்கு அந்த டப்பாதான் இன்ஷூரன்ஸ்!

நிக்கான் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டி 3200, டி 5300 போன்ற சிறிய வகைகளுக்குள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்கவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை.

ஆசிரியர் காமிராவோடு ஒரு பழைய கார்டையும் இனாமாகக் கொடுத்திருந்தார். லால்பேட்டைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால், அதில் முன்னூறுக்கு மேல் படங்கள். திண்ணையில் மொச்சை உரிக்கும் ஓர் அம்மாள். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் அதே அம்மாள். காமிராவைக் கண்டு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கும் அதே அம்மாள். அந்த வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தில் நாங்கள் பார்த்த முகம்!

“அழிச்சிட்டு நாம வச்சிக்கலாம்” என்று அண்டைவீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். தோழியின் மகள் தொடவில்லை. மறுநாளே பஸ் ஏறி வந்து கார்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் காமிராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தார். முகத்தை மூடிச் சிரிக்கும் படத்தில் நிறுத்தினார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இது ஒண்ணைப் பெரிசாப் போட்டுத் தர முடியுமாம்மா?” என்று கேட்டார்.

போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் 500 ரூபாயைக் கையில் திணித்து அனுப்பினார். அதுதான் அவளுடைய முதல் வரும்படி.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. காமிராவையோ போனையோ விற்கும்போது கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டோம் என்று நினைக்கிற படங்களைக்கூட, அதன்மேல் வேறு படம் பதியாதவரை, தெரிந்தவர்கள் திரும்ப எடுத்துவிட முடியும். எல்லாரும் பஸ் ஏறி வந்து திருப்பிக் கொடுக்கமாட்டார்கள்.

சென்ற மாதம் மறுபடி லால்பேட்டைக்குப் போனேன். அந்தப் பெண் இதுவரை ஏழு கல்யாணம் எடுத்துவிட்டாளாம். “பெண்கள் பக்கத்துப் படம் எங்க பெண்ணுகிட்டே இருந்தா வெளியிலே போகாது” என்று தெருவில் பேர் வாங்கியிருக்கிறாள். மெகாபிக்ஸல் எத்தனை என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையாம்!