தாங்களே வைத்துக்கொண்ட பெயர்

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஒட்ரி லோட், 1984இல் பேர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்க வந்தார். தான் லெஸ்பியன் என்பதை எங்கும் மறைக்காதவர். இங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்புப் பெண்களை அவர் தேடிச் சந்தித்தார். "எங்கிருந்து வந்தாய், எப்போது திரும்புவாய்?" என்று ஓயாமல் கேட்கப்பட்டவர்கள் அவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் பழகிய கேள்விதான். தங்களைக் குறிக்க அவர்களிடம் மற்றவர்கள் எறிந்த வசைச்சொற்களே இருந்தன. (எங்களவர் வாயில் "காப்பிலி" இன்னும் வருகிறதே!) லோட்டுடன் சேர்ந்து அவர்கள் உருவாக்கிய பெயர்தான் "அப்ரோ டொய்ச்".

அவர்களில் மே ஆயிமும், லெஸ்பியனாக வெளிப்படையாக வாழ்ந்த கத்தரீனா ஒகுன்டோயேயும், டக்மார் சுல்ட்ஸுடன் தொகுத்த "ஃபார்ப பெகெனன்" 1986இல் வெளிவந்தது. ஜேர்மனி பேச விரும்பாத காலனித்துவ வரலாறும் அப்பெண்களின் சொந்த வாழ்க்கையும் ஒரே நூலில் அச்சேறின.

மே ஆயிம் 1996இல் இறந்தார். அவரது தந்தை கானா நாட்டவர். அதே கானாக் கரையில் 1683இல், பின்னர் அடிமை வணிகம் நடந்த பிரண்டன்பேர்க் கோட்டையை நிறுவியவர் குறோபன். குறொய்ஸ்பேர்க்கில் ஸ்ப்ரே ஆற்றங்கரை வீதியொன்று அவர் பெயரையே தாங்கியிருந்தது. 2010இல் அது மே ஆயிம் கரை ஆயிற்று. ஷ்லேசிஷஸ் டோர் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.