'பிள்ளை பார்க்க' என்றால் என்ன?

பத்திரிகைக் காரியாலயங்களில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்வேன். நமது சமூகத்தை அறிய விரும்புகிறவர்கள் ஆசிரியத் தலையங்கங்களை விட்டுவிட்டு விளம்பரப் பக்கங்களைப் படிக்கவேண்டும். மரண அறிவித்தலுக்கும் 'மணமகன் தேவை'க்கும் இடையில் முதலாவது பிறந்தநாள் வாழ்த்து ஒன்று இருக்கும். குழந்தையின் தலையில் காகிதக் கிரீடம், முகத்தில் மிரட்சி. கீழே வாழ்த்துவோர் பட்டியல். அப்பா, அம்மா, அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா, அதன்பின் பெரியப்பா குடும்பம் (சுவிஸ்), மாமா குடும்பம் (லண்டன்), சித்தி (அவுஸ்திரேலியா) என்று உலக வரைபடமே விரியும். இப்பட்டியல்களை எத்தனை நூறு தடவை ஒப்புநோக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருநாள் கரவெட்டியிலிருந்து வந்த விளம்பரம் ஒன்றில் 'அம்மப்பா (இலங்கை), அம்மம்மா (கனடா)' என்றிருந்தது. உறுதிப்படுத்திக்கொள்வதற்காகத் தொலைபேசி எடுத்தேன். "பிழையில்லைத் தம்பி. அவ பிள்ளை பிறந்த நாள் தொட்டு அங்கைதான் நிக்கிறா. பிள்ளை பார்க்கப் போனவ" என்றார் அந்த அம்மப்பா.

பிள்ளை பார்க்க. இந்த இரண்டு சொற்களைப் பற்றியே இன்று எழுதப்போகிறேன்.

தமிழிலே பார்த்தல் என்பதற்குக் காணல் என்றும் பொருளுண்டு, பராமரித்தல் என்றும் பொருளுண்டு. நமது குடும்பங்கள் இந்த இருபொருளைச் சாதுரியமாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. வீசா விண்ணப்பம் நிரப்பும்போது அம்மம்மா பேரப்பிள்ளையைக் காணப் போகிறார். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாட் காலையில் அவர் பேரப்பிள்ளையைப் பராமரிக்கத் தொடங்கிவிடுகிறார். எப்போது முதற்பொருள் முடிந்து இரண்டாம் பொருள் தொடங்கியது என்று அவரிடம் எவரும் கேட்பதில்லை. ஊரவர்களோ, "கனடாவிலை சந்தோசமா நிக்கிறா" என்று பொறாமையோடு பேசிக்கொள்கிறார்கள்.

இதனைக் குடும்பப் பாசம் என்பார்கள். பாசம் இல்லையென்று நான் எங்கே சொன்னேன்? வேலையும்தான் இருக்கிறது என்கிறேன்.

எனது வீட்டிலும் பதினொரு மாதம் நிறைந்த பேரன் ஒருவன் இருக்கிறான். ஆகவே கேள்விச்செவியாக எழுதவில்லை. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவன் எனது பொறுப்பு. ஒரு வயதை நெருங்கும் குழந்தையைப் போல் ஒரு மனிதனை ஓட ஓட வைக்கக்கூடிய பிறவி வேறில்லை. ஆறு மாதத்தில் வைத்த இடத்தில் இருந்தான். இப்போது தவழ்கிறான், கதிரைக் காலைப் பிடித்து எழுந்து நிற்கிறான், நின்றபின் எப்படி இருப்பதென்று தெரியாமல் வீரிட்டு அழுகிறான். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பொறுக்கும் வித்தை கைவந்துவிட்டது. நிலத்தில் விழுந்த ஒற்றைக் கடுகும் அவனது கண்ணுக்குத் தப்பாது, அடுத்த கணம் வாய்க்குள் இருக்கும். தாய் செருப்பை மாட்டும் ஓசை கேட்டாலே அழுகை. போனவர் எங்கோ இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு அறிவு வந்துவிட்டது, மாலையில் திரும்பி வருவார் என்று நம்பும் அளவுக்கு வரவில்லை. சோறு தீத்துவதற்குப் பராக்குக் காட்டவேண்டும். காகம் ஒன்றாவது வந்து உதவினால்தான் நாலாவது வாய் உள்ளே போகும். மூன்று மணித்தியாலம் முடிந்து அவனை மனைவியிடம் ஒப்படைக்கும்போது, நள்ளிரவுக்குப் பின் முதற்பக்கத்தை மாற்றிய நாட்களின் களைப்பு எனக்கு நினைவுக்கு வரும். எஞ்சிய நேரமெல்லாம் மனைவியினுடையது. அவருக்கு வயது ஐம்பத்தாறு.

மகள் ஏன் வீட்டில் இல்லை என்று கேட்கலாம். இலங்கைச் சட்டம் தாய்க்குக் கொடுப்பது 84 நாள் மகப்பேற்று விடுமுறை. மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் 42 நாளாக இருந்ததைத் தனியார் துறையில் 2018ஆம் ஆண்டில்தான் 84 ஆக்கினார்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை நாளுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலைத்தலத்தில் குழந்தை பராமரிக்கும் இடம் இருந்தால் தலா அரை மணித்தியாலம், இல்லையெனில் தலா ஒரு மணித்தியாலம். கடைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றும் தாய்மாருக்கு இது கிடைத்ததும் அதே 2018இல்தான். கோட்டையில் வேலை செய்யும் பெண் ஒரு மணித்தியாலத்தில் காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்கு வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவது எப்படியென்று சட்டம் வகுத்தவர்கள் ஒருநாளாவது பேருந்தில் ஏறிப் பார்த்திருக்கவேண்டும். குழந்தை முதலாம் பிறந்தநாளைக் காண்பதற்கு 365 நாள். தாய்க்குக் கிடைப்பது 84. மீதி நாட்களை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை, அம்மம்மா இருக்கிறாரே!

கனடாவில் நிலைமை வேறு. அங்கே தாய்க்கு 15 வாரம், அதன்பின் பெற்றோர் இருவரும் பகிரத்தக்க 40 வாரம் எனக் காப்புறுதிக் கொடுப்பனவு உண்டு. ஏறத்தாழ ஒரு வருடம் தாய் வீட்டில் நிற்கலாம். ஆகவே அங்குள்ள நமது வீடுகளில் முதலாவது பிறந்தநாள் என்பது ஒரு கைமாற்றம். சனிக்கிழமை மண்டபத்தில் மூன்று தட்டுக் கேக் வெட்டுவார்கள். திங்கட்கிழமை காலை தாய் வேலைக்குப் போவார். அந்தத் திங்கட்கிழமைக்காகவே சில வீடுகளில் அம்மம்மாவை அழைப்பிக்கிறார்கள். சில வீடுகளில் பிரசவத்துக்கு அழைப்பித்தவரை அதன்பின்னும் அனுப்புவதில்லை. 2011 டிசெம்பரில் அறிமுகமான 'சுப்பர் வீசா' அப்போது ஒருமுறை வந்தால் இரண்டு வருடம் தங்க அனுமதித்தது. 2022 ஜூலையிலிருந்து ஐந்து வருடம்! முதலாம் பிள்ளைக்கு வந்தவர் இரண்டாம் பிள்ளையும் பிறந்து தவழும்வரை ஒரே வருகையிலேயே நின்றுகொள்ளலாம்.

இந்த வீசாவில் வருபவர் பார்வையாளர் மட்டுமே, உத்தரவுப் பத்திரமின்றி அங்கே வேலை செய்யலாகாது. அதேவேளை, எது வேலை எது வேலையன்று என்று குடிவரவு அதிகாரிகளுக்கு விளக்கும் அறிவுறுத்தலில், மகளின் குழந்தையைப் பராமரிக்க உதவும் தாயே 'வேலையன்று' என்பதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிறார். அதிகாலை ஐந்து மணிக்குப் பால்மாப் போத்தல் கழுவுவதில் தொடங்கி, இரவு பதினொரு மணிக்கு மறுநாளைக்குரிய சோற்றையும் பருப்பையும் மசித்து வைப்பதில் முடியும் ஒரு நாள், சட்டத்தின் கண்ணுக்கும் குடும்பத்தின் கண்ணுக்கும் ஒருசேர வேலையாகத் தெரிவதில்லை. இத்தனைக்கும் 2013இல் ஜெனீவாவில் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளரின் சர்வதேச மாநாடு, குடும்பத்தவரைச் சம்பளமின்றிப் பராமரிப்பதும் வேலையே என்று வரையறுத்துவிட்டது. மூதூரிலிருந்து குவைத்துக்குப் போன பெண் அதே போத்தலைக் கழுவினால் அதற்கு ஒப்பந்தமும் சம்பளமும் உண்டு. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைக் காம்பராவைப் பற்றி எத்தனையோ குறைகள் எழுதியிருக்கிறேன். ஆனால் அங்கே பிள்ளை பார்ப்பவருக்கும் சம்பளம் உண்டு, பொழுது சாய்ந்தால் தன் வீட்டுக்குப் போகவும் முடியும்.

வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எனக்கு நெடுங்காலமாகத் தெரியும். பெயர் வேண்டாம். ஸ்காபரோவில் உள்ள மகள் வீட்டுக்கு மூன்று தடவை போயிருக்கிறார், மூன்று பிள்ளைகளுக்கும். முழங்கால் வாதமும் இரத்த அழுத்தமும் அவரோடு கூடவே பயணம் செய்கின்றன. இந்த வீசாவுக்கு ஆகக் குறைந்தது ஒரு இலட்சம் கனடிய டொலர் மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும், மருமகன் எடுத்தும் இருக்கிறார். ஆனால் ஏற்கெனவே உள்ள வியாதிக்கு அது கைகொடுக்குமோ என்ற பயத்தில், நோவை வெளியே சொல்லாமல் ஊரிலிருந்து கொண்டுபோன குளிசையை இரண்டாக உடைத்துப் போட்டு நாட்களை நீட்டுகிறார். சக்கரம் பூட்டிய நடைபயில் வண்டியைக் கனடா 2004இல் தடைசெய்துவிட்டது, நல்ல காரியம். அதற்குப் பதிலாகக் குழந்தையின் இரு கைகளையும் பிடித்தபடி வளைந்த முதுகோடு வீடு முழுவதும் நடந்தவர் இவரே.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மகள் ஒரு கடதாசி ஒட்டியிருந்தாராம். உப்புப் போடவேண்டாம், தேன் தொடவேண்டாம், பசுப்பாலைப் பிரதான ஆகாரமாக்கவேண்டாம், முழுத் திராட்சை கொடுக்கவேண்டாம். ஒவ்வொன்றும் சரியான அறிவுரை. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் கடுமையான நச்சு நோய் வரக்கூடும் என்பது மருத்துவ உண்மை, ஊரில் சேனை வைத்த பழக்கத்துக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் நான்கு பிள்ளைகளை வளர்த்து, முப்பது வருடம் பாலர் வகுப்புப் படிப்பித்த ஒருவருக்கு, வேலைக்காரிக்கு ஒட்டுவதுபோலக் கடதாசியில் எழுதி ஒட்டவேண்டுமா? இருந்து பேசினால் என்ன?

இரண்டாம் பேத்தியின் பிறந்தநாள் 'அல்பத்தை' அவர் எனக்குக் காட்டினார். மண்டபம், பலூன் வளைவு, இருநூறு பேருக்கு மேல் கூட்டம். நூற்றுக்கு அதிகமான படங்களில் அவர் இருப்பது இரண்டில். ஒன்றில் மேசைக்குப் பின்னால் குனிந்து நிற்கிறார், கையில் குழந்தையின் உடுப்புப் பை. மற்றதில் பாதி முகம். பல்லுக்கொழுக்கட்டை நாளில் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டி, முன்னால் பரப்பிய ஏட்டையோ எழுதுகோலையோ பிள்ளை எடுக்கும்வரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சடங்கில், நடுவில் இருப்பவர் அம்மம்மா அல்லது அப்பம்மா. மண்டபத்துக்கு மாறியபின் அந்த இடம் படப்பிடிப்பாளருக்குப் போய்விட்டது.

இதற்கு வரும் மறுமொழிகளை நான் அறிவேன். "அம்மா ஊரிலை தனிய இருந்து என்ன செய்யப் போறா?" என்பது முதலாவது. அவர் தனியே இல்லை. அங்கே அறுபத்தேழு வயதுக் கணவர் இருக்கிறார். அவருக்குச் சோறு போட இப்போது அயல்வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். கோயில் இருக்கிறது, மாதர் சங்கம் இருக்கிறது, சினேகிதிகள் இருக்கிறார்கள். வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தத்தை அவர் மூன்று வருடம் கைத்தொலைபேசியில்தான் கண்டார். ஸ்காபரோவின் பனிக்காலத்தில், பகல் முழுவதும் பேசத் தெரியாத குழந்தையோடு அடைபட்டிருப்பது தனிமையில்லையா?

குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் கட்டணம் அதிகம், கைக்குழந்தைக்கு இடமும் கிடைக்காது என்பது இன்னொன்று. இடத்தட்டுப்பாடு உண்மை. நாளுக்குப் பத்து டொலர் பராமரிப்பு என்று கனடிய அரசு 2021இல் அறிவித்த திட்டத்துக்குப் பின்னும் காத்திருப்போர் பட்டியல் நீளமாகவே இருக்கிறது. அப்படியானால் அம்மம்மாவின் பராமரிப்புக்கு ஒரு விலை உண்டென்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அந்த விலை அவரது கைக்கு வராமல் வீட்டுக்கடனுக்குப் போகிறது.

என் கோபமெல்லாம் மகள்மார் மீது என்று எவரும் விளங்கிக்கொள்ளக்கூடாது. அவர்கள் பகல் முழுவதும் அலுவலகத்திலும் இரவு முழுவதும் குழந்தையோடும் விழித்திருப்பவர்கள். இந்தக் கதையில் இதுவரை ஒருவர் வரவேயில்லை, கவனித்தீர்களா? தகப்பன். கனடாவில் 2019 மார்ச்சிலிருந்து, பகிரத்தக்க 40 வாரத்தில் ஒருவரே 35க்கு மேல் எடுக்கமுடியாது. எஞ்சிய ஐந்து வாரத்தை மற்றவர் எடுக்காவிட்டால் அது வீணாகும். தகப்பன்மாரை வீட்டில் இருத்துவதற்கென்றே செய்த ஏற்பாடு அது. எனக்குத் தெரிந்த நமது தகப்பன்மாரில் அதை எடுத்தவர் ஒருவர்தான். அவரையும் "மனிசிக்குப் பயந்தவன்" என்று மண்டபத்தில் வைத்தே கேலி செய்தார்கள். நோர்வேயில் 1993இலேயே தந்தைக்கெனத் தனிப் பங்கு ஒதுக்கினார்கள். இப்போது அது முழுச் சம்பளத்தோடு 15 வாரம். ஒஸ்லோவில் தமிழ் இளைஞர்கள் வேலைநாளின் நடுப்பகலில் குழந்தை வண்டி தள்ளிச் செல்வதைக் கண்டிருக்கிறேன். அவர்களில் எவருக்கும் மீசை உதிர்ந்துவிடவில்லை. இலங்கையிலோ அரச ஊழியரான தகப்பனுக்கு மூன்று நாள், தனியார் துறையில் அவனுக்கெனச் சட்டம் தரும் விடுமுறை கிடையாது. மூன்று நாளில் ஆஸ்பத்திரிக் கணக்கை முடித்து ஏணை கட்டுவதற்குள் பொழுது போய்விடும். நமது தொழிற்சங்கங்கள் எத்தனையோ கோரிக்கைகளுக்காகத் தெருவில் இறங்கியிருக்கின்றன. தகப்பனுக்கு விடுமுறை கேட்டு ஒரு பதாகையை நான் இதுவரை கண்டதில்லை.

அம்மம்மாவை அழைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அழைக்கும்போதே எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள், அவரது வாயால் பதில் வரட்டும். திரும்பும் பயணச்சீட்டைத் திகதியிட்டு அவரது கையிலேயே கொடுங்கள். கிழமையில் இரண்டு நாள் பிள்ளை தகப்பனுடையது என்று வையுங்கள். மாதம் ஒரு தொகையை அவரது பெயரில் வங்கியில் போடுங்கள். பெற்ற தாய்க்குச் சம்பளமா என்று நாணுகிறவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும். மருந்து முடிவதற்கு முன் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். மண்டபத்துக்குக் கொடுக்கும் முற்பணத்தில் இவ்வளவும் அடங்கும்.

அந்த ஆசிரியை இப்போதும் ஸ்காபரோவிலேதான் நிற்கிறார். மூன்றாவது பேரனுக்கு வரும் தையில் ஒரு வயது. மண்டபம் பேசியாகிவிட்டது, அழைப்பிதழும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. எப்போது திரும்புகிறீர்கள் என்று சென்ற வாரம் கேட்டேன். "அவையள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.