அந்த மூணு கண்ணு புரொஜெக்டரை விக்காதீங்க

இந்த செமஸ்டர் ஸ்கிராப் ஏலப் பட்டியல் நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. உடைஞ்ச நாற்காலி, செத்துப்போன யூபிஎஸ் பேட்டரி, அதுக்கு நடுவுல ஒரு வரி: "பழைய புரொஜெக்டர் – 1, பயனற்றது." ஆடியோ விஷுவல் ஹால் கூரையில தொங்கிட்டு இருக்கே, சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு லென்ஸோட, அந்த சிஆர்டி புரொஜெக்டர்தான். அந்த "பயனற்றது"ங்கிற சொல்லோடதான் எனக்குச் சண்டை.

கிளாஸ் எடுக்க அது லாயக்கில்லை, ஒத்துக்கிறேன். முழு வெள்ளைத் திரையில் சில நூறு லூமென்ஸ்தான் தரும். ஜன்னல் ஒண்ணு திறந்தாலே படம் காணாமப் போயிடும். இறக்கி வைக்கணும்னா நாலு பேர் வேணும். ஆனா நம்ம டிபார்ட்மெண்ட்ல கிரேஸ்கேலை கையால தொட்டுக் கத்துக்க வேற எந்தக் கருவியும் கிடையாது.

கிரேஸ்கேல்னா கறுப்பிலிருந்து வெள்ளை வரைக்கும் போற சாம்பல் படிகள். இந்த மெஷினில் மூணு தனித்தனி குழாய் இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரே நிறம். மூணும் சரியான விகிதத்துல கலந்தாதான் சாம்பல் சாம்பலா தெரியும். கொஞ்சம் பிசகினா இருட்டுக் காட்சி பச்சையடிக்கும், வெள்ளைச் சட்டை மஞ்சளாகும். நாம எல்லாரும் ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ண 0.30, 0.59, 0.11 ஞாபகம் இருக்கா? பச்சைக்குத்தான் வெளிச்சத்தில் பெரும்பங்கு. அதனாலதான் அனுபவசாலிகள் பச்சையை அப்படியே விட்டுட்டு, சிவப்பையும் நீலத்தையும் மட்டும் அதோட பொருத்துவாங்க. மனப்பாடம் பண்ண எண்ணுக்குக் காரணம் திரையிலேயே தெரியுது.

ஒவ்வொரு நிறத்துக்கும் ரெண்டு கட்டுப்பாடு. பயாஸ், கெய்ன். ஸ்கூல்ல படிச்ச நேர்கோட்டுச் சமன்பாடேதான்: கெய்ன் சாய்வு, பயாஸ் வெட்டுத்துண்டு. 20 சதவீத சாம்பல் கட்டத்தைத் திரையில் போட்டு பயாஸை சரி பண்ணணும். 80 சதவீத கட்டத்தைப் போட்டு கெய்னை சரி பண்ணணும். ஆனா கெய்னைத் தொட்டதும் கீழே சரி பண்ணி வச்சது லேசா கலையும். திரும்பக் கீழே, திரும்ப மேலே. இதைப் பாத்துட்டு "என்னடா இது முடியவே முடியாதா"ன்னு தோணும். முடியும். இது நியூமெரிக்கல் மெத்தட்ஸ்ல வர்ற காஸ்-சைடல், வேற ஒண்ணுமில்லை. பேப்பர்ல போட்டுப் பாருங்க: ஒவ்வொரு சுற்றிலும் கெய்னில் இருக்கிற பிழை, 20-ஐ 80-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது கால்வாசியா குறையும். நாலு சுற்று போனா கண்ணுக்குத் தெரியாது. 45, 55-னு பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை எடுத்தா ஒவ்வொரு சுற்றுக்கும் அஞ்சுல ஒரு பங்குகூடக் குறையாது, ராத்திரி ஆயிடும். இன்னும் சுவாரஸ்யம், ஆளை மாத்தி, இருட்டுல கெய்னையும் வெளிச்சத்துல பயாஸையும் திருகினா பிழை ஒவ்வொரு சுற்றும் நாலு மடங்கா பெருகும். டைவர்ஜ் ஆகுறதை கண்ணால பாக்குற வாய்ப்பு எந்த லேப்ல கிடைக்கும் சொல்லுங்க? (மூணு படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு பொருத்துற கன்வர்ஜென்ஸ் தனித் தலைவலி. அதுக்கு வேற கட்டுரை வேணும்.)

20-ம் 80-ம் கச்சிதமா பொருந்தின பிறகும் 100-ல வெள்ளை லேசா மஞ்சளடிக்கலாம். நீலப் பாஸ்பரத்துக்கு எலக்ட்ரான் கற்றை அதிகமானா ஒரு கட்டத்துக்கு மேல அதே விகிதத்தில் வெளிச்சம் கூடாது. வளைஞ்ச கோட்டை ரெண்டு திருகால நிமிர்த்த முடியாது. கான்ட்ராஸ்டைக் குறைக்கணும், இல்லைன்னா நீலக் குழாயின் ஃபோகஸை வேணும்னே துளி மங்கலாக்கி கற்றையைப் பரப்பணும். நம்ம கண் நீலத்துல நுணுக்கமா பார்க்காது, அதனால படம் கெட்டுப்போனதா தெரியாது. இந்தச் சமரசத்தை ஒரு மனுஷன் உட்கார்ந்து தீர்மானிக்கணும். இப்போ வர்ற புரொஜெக்டரில் "சினிமா", "விவிட்"னு பட்டன் இருக்கு. அமுக்குறோம், உள்ளே என்ன நடந்துச்சுன்னு தெரியாமலே போயிடுறோம்.

"வெள்ளை எதுன்னு கண்ணாலேயே சொல்லிடலாமே"ன்னு ஒரு ஜூனியர் கேட்டான். முடியாது. இருட்டு அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தா எந்த வெள்ளையும் வெள்ளைதான்னு கண் பழகிடும். இலக்கு டி65, சுமார் 6500 கெல்வின். நம்ம கடைகளில் "கூல் டேலைட்" டியூப்லைட் அட்டையிலும் அதே 6500 போட்டிருக்கும், ஆனா அதை அளவுகோலா நம்ப முடியாது. ஒரு கலரிமீட்டர் வேணும். மென்பொருளுக்கு செலவில்லை, ஹெச்சிஎஃப்ஆர் இலவசமாவே கிடைக்குது.

நிர்வாகத்துகிட்ட கேக்கிறது பெருசா எதுவும் இல்லை. பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை எடுங்க. குழாய்ல பாஸ்பரம் எரிஞ்ச தடம் இருக்கான்னு முதல்ல பார்ப்போம். மோசமா எரிஞ்சிருந்தா நானே ஏலத்துக்குத் தூக்கிவிட வர்றேன். நல்லா இருந்தா, துறைக்கு ஒரு கலரிமீட்டர், மூணாம் வருஷத்துக்கு ஒரு லேப் நேரம், அவ்வளவுதான். அரை மணி நேரம் சூடாக விட்டுட்டு, ரிமோட் மெனுவிலேயே எல்லாத்தையும் செய்யலாம். மூடியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. உள்ளே சுமார் 30 கிலோவோல்ட், அணைச்ச பிறகும் மின்சாரம் தேங்கி நிக்கும். ஜி2 திருகு தேவைப்பட்டா அது அனுபவமுள்ள டெக்னீஷியன் வேலை.

ஏலம் மாசக் கடைசியில. அதுக்குள்ள யாராவது அந்த ஹால் சாவியை வாங்கிக் கொடுத்தா, திரைச்சீலையை நான் தைச்சுத் தர்றேன். அதுலயும் மூணு கிழிசல் இருக்கு.